விளையாட்டுக் காயத் தடுப்பில் முனைவர் பட்ட ஆய்வு: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டாகப் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, பிறகு விளையாட்டுக் காயத் தடுப்பு ஆய்வுக்கு வந்தவன் நான். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், இளம் உடற்கல்வி ஆசிரியர்கள், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோர் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சேர்க்கைத் தேதி, கட்டணம், உதவித்தொகையின் அளவு போன்றவை ஆண்டுதோறும் மாறுபவை என்பதால், அவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே நல்லது.

இது மருத்துவப் படிப்பா, உடற்கல்விப் படிப்பா?

காயம்பட்ட முழங்காலைச் சரிசெய்வது மருத்துவரின் வேலை. அப்படிப்பட்ட முழங்கால்கள் எந்த விளையாட்டில், எந்த வயதில், ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில், எப்படிப்பட்ட தரையில் அடிபடுகின்றன என்று கணக்கெடுத்து, அடுத்த பருவத்தில் அந்த எண்ணிக்கையைக் குறைக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பது இத்துறையின் வேலை. இதில் நோய்ப்பரவல் இயல், உடலசைவு இயக்கவியல், பயிற்சி அறிவியல், உளவியல், பொதுச் சுகாதாரம் எல்லாம் கலந்தே வரும். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் மெஹெலன் குழுவினர் 1992ஆம் ஆண்டில் இதற்கு நான்கு படிகளை வகுத்துக் கொடுத்தனர்: காயங்களின் அளவை அறிதல், அவற்றின் காரணத்தையும் நேரும் விதத்தையும் அறிதல், தடுப்பு முறையைப் புகுத்துதல், முதல் படிக்கே திரும்பிச் சென்று மீண்டும் எண்ணிப் பார்த்தல். இன்றுவரை பெரும்பாலான முனைவர் பட்ட ஆய்வேடுகளின் இயல் பிரிவுகள் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் அமைகின்றன.

‘பாதுகாப்பு’ என்று தனியாகச் சொல்லப்படுவது இதைவிடச் சற்று விரிந்தது. 2007 நவம்பரில் நோம்பென்னில் டோன்லே சாப் ஆற்றில் டிராகன் படகு கவிழ்ந்து 5 சிங்கப்பூர் வீரர்கள் உயிரிழந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதைத் தசை, மூட்டு சார்ந்த காயமாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. நீரோட்டத்தைப் பற்றிய முன்மதிப்பீடு, உயிர்காப்பு அங்கி, மீட்புப் படகு என்று நிகழ்வுக்கு முன், நிகழும்போது, நிகழ்ந்த பின் என மூன்று காலமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாலை விபத்துகளுக்காக அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹேடன் உருவாக்கிய இந்தக் கட்ட அட்டவணையை விளையாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள்.

உடலைச் சூடேற்றிவிட்டு ஆடினால் காயம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? இன்னும் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு விடை புரிந்தால் பாதி ஆய்வுத் தலைப்பு கையில் கிடைத்த மாதிரி.

நார்வேயில் இளம் பெண் காற்பந்தாட்ட வீராங்கனைகளிடையே ‘11’ என்ற சூடேற்றுப் பயிற்சித் திட்டத்தை முதலில் சோதித்தபோது காயங்கள் குறையவில்லை. பயிற்சியில் கோளாறா, அதைச் செய்தவர்களில் கோளாறா என்று பார்த்தால், பல அணிகள் அதைச் சொன்னபடி தொடர்ந்து செய்யவே இல்லை. பிறகு அதே திட்டத்தை ஓட்டப் பயிற்சிகளும் படிப்படியாகக் கடினமாகும் நிலைகளும் சேர்த்து ‘11+’ என்று மாற்றி அமைத்து, 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பேரிடம் மீண்டும் சோதித்தார்கள். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த முடிவின்படி மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாயின. பின்தொடைத் தசைக்கான ‘நார்டிக்’ பயிற்சியின் கதையும் இப்படித்தான். அது அந்தத் தசைக் காயங்களைப் பாதியளவுக்குக் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பகுப்பாய்வு காட்டுகிறது. ஆனாலும் தசைவலி வருகிறது என்று வீரர்கள் அதைத் தட்டிக்கழிக்கிறார்கள்.

ஆக, எது வேலை செய்யும் என்பது ஓரளவு தெரியும். அதை ஒரு சனிக்கிழமை காலையில், உண்மையான பயிற்றுநர் ஒருவர், உண்மையான திடலில் செய்வாரா என்பதுதான் தெரியாதது. நான் ஒருமுறை கைக்கடிகாரத்தோடு ஒரு பள்ளித் திடலின் ஓரத்தில் நின்று பார்த்தேன். திட்டப்படி 20 நிமிடச் சூடேற்றம். பேருந்து தாமதமானது, திடலில் அடுத்த அணிக்கு இடம் விட வேண்டிய நேரமும் நெருங்கியது. பயிற்றுநர் ஓட்டப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, சமநிலைப் பயிற்சியையும் தசை வலுவூட்டும் பகுதியையும் விட்டுவிட்டார். மொத்தம் 6 நிமிடம். அன்று மாலை பதிவேட்டில் ‘சூடேற்றம் செய்யப்பட்டது’ என்று குறித்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. காயம் தடுக்கும் பகுதி எதுவோ அதுவே முதலில் கழற்றிவிடப்படுகிறது என்பதை எந்த ஆய்வகக் கருவியும் எனக்குச் சொல்லியிருக்காது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேரலைன் ஃபிஞ்ச் 2006ஆம் ஆண்டில் பழைய நான்கு படிகளை ஆறாக விரித்து, நடைமுறைச் சூழலை அறிவதையும் அச்சூழலில் தடுப்பு முறை பலன் தருகிறதா என்று மதிப்பிடுவதையும் சேர்த்தது இதற்காகத்தான்.

சிங்கப்பூருக்கே உரிய ஆய்வுக் கேள்விகள் உண்டா?

நிறைய உண்டு. ஐரோப்பாவில் செய்ததை இங்கே அப்படியே திரும்பச் செய்வதைவிட, இங்கு மட்டுமே கேட்கக்கூடியதைக் கேட்பதுதான் ஆய்வேட்டுக்கு வலு சேர்க்கும் என்பது என் கருத்து.

ஆண்களுக்குக் கட்டாயமான தேசியச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு முதல், தேசியச் சேவையாளர்களுக்கான ஐபிபிடி என்னும் தனிநபர் உடலுறுதிச் சோதனை ஐந்து நிலையங்களிலிருந்து மூன்றாகச் சுருங்கி, தண்டால், வயிற்றுத்தசைப் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை மட்டும் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் 35 வயதுத் தேசியச் சேவையாளர் ஒருவர், தம் சோதனைக் கெடு நெருங்கும்போது மூன்று வாரத்தில் ஓடித் தயாராக முயல்வதை நம் அடுக்குமாடி வட்டாரங்களில் எந்த மாலையிலும் பார்க்கலாம். உடல் பழகாத சுமையைத் திடீரென ஏற்றும்போது குதிகால் தசைநாருக்கும் முழங்காலுக்கும் என்ன நேர்கிறது என்பதை ஆராய இவ்வளவு பெரிய இயற்கைச் சோதனைக்கூடம் வேறு நாடுகளில் எளிதில் வாய்க்காது. ராணுவத் தரவு கேட்டவுடன் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சோதனைக்குத் தாமாகவே தயாராகிறவர்களைச் சமூகத்திலிருந்தே ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெப்பம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஈரப்பதம் மிகுந்த ஊரில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிகிறது. உடல் குளிர வழி குறைகிறது. சிங்கப்பூர் மாரத்தான் 2019இல் மாலையில் தொடங்கும்படி மாற்றப்பட்டது நினைவிருக்கலாம். நேரத்தை மாற்றினால் ஓட்டக்காரர்களின் உடல்வெப்பமும் மருத்துவக் கூடாரத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையும் எப்படி மாறுகின்றன என்பது போன்ற கேள்விகள் நமக்கு அன்றாடக் கேள்விகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வெப்பம் தாங்கும் திறனையும் செயல்திறனையும் ஆராயவே ஒரு நிலையம் இருக்கிறது.

இவற்றைத் தவிர வலைப்பந்தில் ஏசிஎல் என்னும் முழங்கால் தசைநாரின் கிழிவு, பூப்பந்தில் தோளும் கணுக்காலும், காலால் பந்தை வலைக்கு மேல் உதைத்து ஆடும் செப்பாக் தக்ராவில் இடுப்பு, மூத்தோர் உடற்பயிற்சிக் குழுக்களில் விழுதல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கபடியையும் சிலம்பத்தையும் பற்றி இந்தக் கோணத்தில் இங்கு யாராவது முறையாக எண்ணத் தொடங்கினால் நான் மகிழ்வேன்.

இன்னொரு கோணமும் உண்டு. கனடாவில் 11, 12 வயதுப் பிள்ளைகளின் பனிவளைகோல் ஆட்டத்தில் உடலால் மோதித் தடுப்பதை ஒரு மாநிலம் அனுமதித்தது, இன்னொன்று அனுமதிக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டதில், மோதல் அனுமதிக்கப்பட்ட இடத்தில் காயங்கள் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தன. 2013இல் விதியே மாற்றப்பட்டது. நம்முடையது சிறிய நாடு. பள்ளி விளையாட்டு விதி ஒன்றை மாற்றினால் அது நாடு முழுவதும் ஒரே நாளில் நடப்புக்கு வந்துவிடும். ஆய்வு முடிவு விதியாக மாறுவதை ஆய்வாளர் தம் காலத்திலேயே பார்க்கக்கூடிய வாய்ப்பு பெரிய நாடுகளில் குறைவு.

இங்கே எந்த நிறுவனங்களில் சேரலாம்?

‘விளையாட்டுக் காயத் தடுப்பு’ என்ற பெயரிலேயே ஒரு துறையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நெறியாளரின் துறை எதுவோ அதன் வழியாகத்தான் சேர வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமான தேசியக் கல்விக் கழகத்தில் உடற்கல்வி, விளையாட்டு அறிவியல் பிரிவு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள், பயிற்றுநர்கள் சார்ந்த கேள்விகளுக்கு அது இயல்பான இடம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி, சோ சுவீ ஹோக் பொதுச் சுகாதாரப் பள்ளி, உயிர்மருத்துவப் பொறியியல் துறை ஆகிய மூன்று வழிகள் உண்டு. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் மருத்துவமனை சார்ந்த ஆய்வுக்கு வழி உண்டு. பட்டம் தருவது பல்கலைக்கழகமே என்றாலும், நோயாளிகளும் வீரர்களும் இருப்பது வேறு இடங்களில்: சாங்கி பொது மருத்துவமனையின் விளையாட்டு மருத்துவ நிலையம், ஸ்போர்ட் சிங்கப்பூரின் கீழ் உள்ள விளையாட்டு அறிவியல் பிரிவுகள், உட்லண்ட்சில் உள்ள சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி போன்றவை. நெறியாளருக்கு இவற்றோடு ஏற்கெனவே தொடர்பு இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெறியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும்?

அரைப் பக்கம் போதும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்ததால் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, அதற்கான தரவை எங்கிருந்து பெற எண்ணுகிறீர்கள் என்ற ஒரு வரி, உங்கள் பின்னணி பற்றி இரண்டு வரி. ‘எனக்குச் சிறு வயதிலிருந்தே விளையாட்டில் ஆர்வம்’ என்று தொடங்கும் கடிதங்கள் நாளுக்குப் பத்து வருகின்றன. ‘நான் பயிற்சி தரும் நான்கு வலைப்பந்து அணிகளில் இரண்டு பருவங்களாகக் காயங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்’ என்று தொடங்கும் கடிதத்துக்குப் பதில் வராமல் போகாது.

என்ன தகுதி வேண்டும்?

நல்ல தேர்ச்சியுடன் சிறப்பு நிலை இளநிலைப் பட்டம் அல்லது முதுநிலைப் பட்டம், ஆய்வு முன்மொழிவு, பரிந்துரைக் கடிதங்கள். சிலருக்கு ஆங்கிலத் தேர்வு மதிப்பெண். பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல், பொறியியல், புள்ளியியல், தாதிமை என எந்தப் பின்னணியும் பொருந்தும். வழக்கமாக ஆகஸ்டிலும் ஜனவரியிலும் சேர்க்கை நடக்கிறது.

எனக்குக் கணக்கு வராது. புள்ளியியல் எவ்வளவு தெரிய வேண்டும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் தவிர்க்கவும் முடியாது. இரண்டு குழுக்களை எண்ணிப் பாருங்கள். முதல் குழுவில் 20 பேர், வாரம் 4 மணி நேரம், 12 வாரம் பயிற்சி செய்தார்கள், 6 காயங்கள். இரண்டாம் குழுவில் 30 பேர், வாரம் 6 மணி நேரம், அதே 12 வாரம், 9 காயங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது குழுதான் ஆபத்தானது என்று தோன்றும். முதல் குழு ஆடியது 960 மணி நேரம். 1,000 மணி நேரத்துக்கு 6.25 காயம். இரண்டாவது ஆடியது 2,160 மணி நேரம். 1,000 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4.2 காயம். அதிகக் காயம் பட்ட குழுவே பாதுகாப்பான குழு. ஆடிய நேரத்தைப் பதியாமல் காயத்தை மட்டும் பதிந்த பதிவேடு எதற்கும் உதவாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒருமுறை ஒரு சங்கம் தன் பத்தாண்டுப் பதிவுகளைப் பெருமையோடு எடுத்து நீட்டியது. எக்செல் தாளில் ‘கால் வலி’ என்று வரிசை வரிசையாக இருந்தது. வலக்காலா இடக்காலா, எத்தனை மணி நேரம் ஆடிய பின் என்ற விவரம் ஒன்றில்கூட இல்லை.

அடுத்தது, ஒரே அணியில் இருப்பவர்கள் ஒரே பயிற்றுநர், ஒரே திடல், ஒரே நேர அட்டவணை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதால் அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ண முடியாது. அணிக்கு 15 பேர், அணிக்குள் ஒற்றுமையைக் காட்டும் கெழு 0.05 என்று வைத்துக்கொண்டால், தேவையான எண்ணிக்கை 1.7 மடங்காகிவிடும் (1 + 14 × 0.05). 400 பேர் போதும் என்று நினைத்த இடத்தில் 680 பேர், அதாவது 46 அணிகள் வேண்டும். சிங்கப்பூரில் ஒரே விளையாட்டில், ஒரே வயதுப் பிரிவில் 46 அணிகளைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று யோசியுங்கள். நாடு சிறியது என்பது இங்கே இடையூறாகத் திரும்புகிறது. இதனால் பல பருவங்களைச் சேர்த்து ஆராய்வது, அணிகளைப் படிப்படியாகத் திட்டத்துக்குள் கொண்டுவருவது போன்ற வடிவமைப்புகளை இங்குள்ளவர்கள் கற்றுக்கொள்வது நல்லது.

பண உதவி கிடைக்குமா? வேலையை விடாமல் படிக்க முடியுமா?

முழுநேர மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு உதவித்தொகைகள் இருக்கின்றன. தகுதித் தேர்வில் தேறிய பின் மாதத் தொகை உயர்வதும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வர விரும்புகிறவர்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கான ‘சிங்கா’ விருதையும் பார்க்கலாம்; அது அறிவியல், பொறியியல் துறைகளுக்கானது என்பதால் உயிர்மருத்துவப் பக்கம் சாய்ந்த தலைப்புகளே பொருந்தும். பகுதிநேரப் படிப்புக்கு வழி உண்டு, ஆனால் உதவித்தொகை பெரும்பாலும் இராது. மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்குத் தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நேரம்தான் இல்லை. இரண்டில் எதை இழக்கலாம் என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள்.

பிள்ளைகளை ஆய்வில் சேர்க்க என்ன அனுமதி வேண்டும்?

பல்கலைக்கழகத்தின் அல்லது மருத்துவமனைக் குழுமத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு முதலில் ஒப்புதல் தர வேண்டும். பள்ளிகளுக்குள் போவதென்றால் கல்வி அமைச்சின் அனுமதியும் பள்ளி முதல்வரின் இசைவும் தேவைப்படும். பலர் தடுமாறும் இடம் வயது. 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தின் கீழ் வரும் ஆய்வுகளில், மணமாகாத 21 வயதுக்குட்பட்டவர் வயதுவராதவரே. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் 19 வயது இளைஞர், தேசியச் சேவை ஆற்றத் தக்கவர் என்றாலும், குழு விலக்கு அளித்தாலன்றி, பெற்றோர் கையெழுத்து இல்லாமல் உங்கள் ஆய்வில் சேர முடியாது. அனுமதி வேலைக்கு மட்டும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்கிவைத்தால், பள்ளிப் பருவம் தொடங்கும்போது கையைப் பிசைய வேண்டியிராது.

வெளிநாட்டில் படிப்பது மேலா?

பெரிய குழுவோடு வேலை செய்ய விரும்பினால் ஆம். அனைத்துலக ஒலிம்பிக் குழு, காயத் தடுப்பு ஆய்வுக்காகச் சில நிலையங்களுக்கு ஆதரவளிக்கிறது. ஓஸ்லோ, ஆம்ஸ்டர்டாம், கனடாவின் கேல்கரி ஆகியவை அவ்வாறு அறியப்பட்டவை. சுவீடனின் லின்ஷோப்பிங்கில் உள்ள குழு ஐரோப்பாவின் முன்னணிக் காற்பந்துக் குழுக்களின் காயங்களை 2001 முதல் தொடர்ந்து பதிந்துவருகிறது. நார்வேயில் முனைவர் பட்ட மாணவர் பொதுவாகச் சம்பளம் பெறும் ஊழியர். ஆஸ்திரேலியாவில் பாடவகுப்புகள் குறைவு; நேராக ஆய்வேட்டில் இறங்கிவிடலாம். அங்கே படித்தாலும் தரவை இங்கே சேகரிக்கும் ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

படித்து முடித்தால் என்ன வேலை? என் மகன் டாக்டராக மாட்டானே?

மாட்டார், அம்மா; பெயருக்கு முன் ‘முனைவர்’ என்று வரும், மருந்துச் சீட்டு எழுத முடியாது. பல்கலைக்கழக ஆசிரியப் பணி, மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவு, விளையாட்டு அமைப்புகள், ராணுவம் சார்ந்த செயல்திறன் ஆய்வு, பயிற்சிக் கருவி நிறுவனங்கள் ஆகியவை வழக்கமான பாதைகள். நிரந்தர ஆசிரியப் பணியிடங்கள் இங்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதை மறைக்க விரும்பவில்லை. மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1968ஆம் ஆண்டு 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடி, 33 ஆண்டுகள் நிலைத்த தேசியச் சாதனையைப் படைத்த சி. குணாளன், ஓட்டத்துக்குப் பின் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பணிக்குத்தான் வந்தார். திடலிலிருந்து வகுப்பறைக்கு வரும் பாதை நம் சமூகத்துக்குப் புதிதல்ல.

தமிழ் தெரிந்திருப்பது இதில் எதற்காவது உதவுமா?

நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே உதவியது. காய வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றை முறைப்படி மொழிபெயர்த்து, வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். ‘சுளுக்கு’, ‘பிசகு’, ‘பிடிப்பு’, ‘ரத்தக்கட்டு’ ஆகியவற்றை நாம் பிரிக்கும் விதம் மருத்துவப் பகுப்போடு அப்படியே ஒத்துப்போவதில்லை. ‘பிடிச்சிருக்கு’ என்று ஒருவர் முதுகைத் தொட்டுக் காட்டினால் அது தசை இறுக்கமா, நரம்பு அழுத்தமா என்பதை அவரோடு பேசித்தான் அறிய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாளில் திறந்த திடலில் கபடி ஆடிக்கொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்களிடம் இந்த வினாப்பட்டியலைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஏறிப்பாடி வந்த ஓர் இளைஞர் கோட்டைத் தொடும்போது கணுக்கால் மடங்கி விழுந்தார். எழுந்து இரண்டு முறை உதறிவிட்டு, ‘ஒன்னுமில்லண்ணே, லேசா பிசகிருக்கு’ என்றார். வீக்கம் கண்ணெதிரே ஏறியது. பனிக்கட்டி வைத்துக் கட்டிவிட்டு, மறுநாள் மாலை தொலைபேசியில் கேட்டேன்; காலையிலேயே சாரத்தில் ஏறிவிட்டதாகச் சொன்னார். காயம் என்பதற்கு உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் வரையறைகளுள் ஒன்று, ‘ஒரு நாளாவது ஆட்டத்தையோ பயிற்சியையோ இழக்கச் செய்வது’. அடுத்த ஞாயிறும் அவர் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட வந்திருந்தார். ஒரு நாளையும் இழக்காததால், அந்த வரையறையை வைத்து நான் போட்ட அட்டவணையில் அவருடைய கணுக்கால் எந்தக் கட்டத்திலும் இல்லை.